டொலர் விழப்போகிறதாம், வைப்புக் காசை நகையாக்கலாமா?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். பிள்ளைகள் கனடாவிலிருந்து அனுப்புவது ரூபா வைப்பில் கிடக்கிறது. பிரிக்ஸ் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாபிரிக்கா முதலிய நாடுகளின் கூட்டு) நாணயம் வரும், டொலர் செல்லாக்காசாகும் என்று யூரியூப்பில் சொல்கிறார்களாம். எல்லாவற்றையும் எடுத்து கஸ்தூரியார் வீதியில் நகையாக்கலாமா என்பது கேள்வி.

வேண்டாம். பயப்படுவதில் பிழையில்லை, ஆனால் பயப்பட வேண்டியது ரூபாவைப் பார்த்து.

உலக மத்திய வங்கிகளின் கையிருப்பில் டொலரின் பங்கு 1999இல் ஏறக்குறைய 71 வீதம், 2024இல் 58 வீதம் அளவு. இறங்கியிருக்கிறது, உண்மை. அதற்கு கால் நூற்றாண்டு எடுத்தது. அதே காலத்தில் எங்கள் ரூபா, டொலருக்கு 70இலிருந்து 300 வரை போனது. பிரிக்ஸ் நாடுகளுக்குப் பொது நாணயம் இன்னும் இல்லை. இந்தியாவும் சீனாவும் ஒரே வட்டிவீதத்துக்கு உடன்படும் நாள் கிட்டத்தில் வருமென்று நான் நம்பவில்லை. 2022இல் ரஷ்யாவின் ஏறத்தாழ 300 பில்லியன் டொலர் கையிருப்பு முடக்கப்பட்ட பிறகு மத்திய வங்கிகள் தங்கத்துக்கு ஓடின. 2022, 2023, 2024 மூன்று வருடமும் ஆண்டுக்கு 1,000 தொன்னுக்கு மேல் வாங்கின. அவர்கள் வாங்கியது கட்டி. செய்கூலி கொடுத்து அட்டியல் செய்யவில்லை.

"பவுண் ஒருநாளும் இறங்காது" என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் தங்கம் 850 டொலரைத் தொட்டது. 2001இல் அது சராசரியாக 271 டொலர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. பழைய உச்சத்தை மீண்டும் தொட 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் இங்கே யாருக்கும் அந்த வீழ்ச்சி தெரியவில்லை. 1980இல் டொலர் பதினாறரை ரூபா, 2001இல் 89 ரூபா. பெருக்கிப் பாருங்கள்: 14,000 ரூபா அளவிலிருந்த அவுன்ஸ் 24,000 ரூபாவாகிவிட்டது. தங்கம் ஏறியதாகச் சனம் நினைத்தது, விழுந்துகொண்டிருந்தது ரூபா. அந்த 21 வருடத்தில் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏறிய மடங்கோடு ஒப்பிட்டால், நகை வைத்திருந்தவர் பெரிய நட்டத்தில் இருந்திருக்கிறார்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் விலையை நீங்களே கணக்குப் பாருங்கள். அவுன்ஸ் 31.1 கிராம். பவுண் 8 கிராம். 22 கரட் என்றால் அதில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். அவுன்ஸ் விலையை 31.1ஆல் பிரித்து, 7.33ஆல் பெருக்கி, அன்றைய டொலர் விலையால் பெருக்குங்கள். அவுன்ஸ் 3,000 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்தால் பவுண் 2,12,000 ரூபா வரும். கடைக்காரர் சொல்லும் விலை இதைவிட எவ்வளவு கூட என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இனி நகைக்கு வருவோம். ஐந்து பவுண் சங்கிலி, தங்கம் மட்டும் 10,60,000. கூலியும் சேதாரமும் சேர்ந்து 10 வீதம் என்று வைத்தால் நீங்கள் கட்டுவது 11,66,000. மறுநாளே விற்கப்போய், கடை 3 வீதம் குறைத்து எடுத்தால் கையில் வருவது 10,28,000. போட்ட காசு திரும்பி வருவதற்கே தங்கம் 13 வீதத்துக்கு மேல் ஏற வேண்டும். கல் வைத்த நகை என்றால் கல்லின் நிறையைக் கழிப்பார்கள். ஒட்டு வேலை அதிகமுள்ள நகையில் மாற்றும், அதாவது தங்கத்தின் சுத்தமும், குறையும். முதலீட்டுக்கென்றால் 24 கரட் கட்டி அல்லது நாணயம் வாங்குங்கள். மாற்று, நிறை இரண்டும் எழுதிய பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். அது தொலைந்தால் விற்கும்போது கடைக்காரர் சொன்னதுதான் விலை.

நகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆஸ்பத்திரிச் செலவு திடீரென்று வந்தால் அன்றைக்கே அடைவு வைத்துக் காசெடுக்கலாம். அந்தளவுக்கு வீட்டில் இருப்பது போதும். விலை ஏறுகிறது என்று இருக்கிற நகையை அடைவு வைத்து அந்தக் காசில் இன்னும் நகை வாங்குவதுதான் குடும்பங்களைக் கவிழ்ப்பது. விலை சும்மா நின்றாலே வட்டி ஏறிக்கொண்டிருக்கும். தவணைக்குள் மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும்.

அப்படியென்றால் எங்கே வைப்பது? கனடாக் காசு வந்த கையோடு முழுவதையும் ரூபாவாக்குவதை நிறுத்துங்கள். வங்கியில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறந்து வந்த நாணயத்திலேயே விடலாம். 2022 தொடக்கத்தில் வைப்பிலிருந்த பத்து லட்சம் ரூபா 5,000 டொலர் பெறுமதி. அந்த மே மாதம் டொலர் 360 ஆனபோது அது 2,780 டொலர். எந்த நிலையான வைப்பு வட்டியும் இதை ஈடுசெய்யாது. ஆனால் டொலர் கணக்கும் கற்கோட்டை இல்லை: உள்ளூர் வங்கிகள் அரசின் டொலர் முறிகளையும் (கடன் பத்திரங்களை) வைத்திருந்தன, அவை மறுசீரமைக்கப்பட்டன. வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 லட்சம் ரூபா வரைதான். ஆகவே இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து வையுங்கள்.

ரூபாவில் வைக்க வேண்டிய பங்குக்கு நான் சொல்வது திறைசேரி உண்டியல், அதாவது அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கித் தரும் பத்திரம். (காசு அனுப்பும் உண்டியல் வேறு, அதன் பக்கம் போக வேண்டாம்.) 91, 182, 364 நாள் என மூன்று தவணை, ஏலம் வழமையாகப் புதன்கிழமை. விளைவு (வருடத்துக்குக் கிடைக்கும் ஆதாயம்) 8 வீதமென்றால் 100 ரூபா உண்டியலை 92.60 அளவில் வாங்கி, 364 நாளில் 100 ஆக எடுக்கிறீர்கள். வங்கியின் முதனிலை வணிகர் பிரிவில் (ஏலத்தில் நேரடியாக வாங்கும் பிரிவு) கேளுங்கள். உண்டியல் மத்திய வங்கியின் லங்கா செக்கியூர் முறையில் உங்கள் பெயரில் பதிவானதா என்று கூற்றை வாங்கிப் பாருங்கள். பதிவில்லாமல் வெறும் கடிதம் தந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

2022 பிற்பகுதியில் இந்த உண்டியல் 30 வீதத்தை ஒட்டிக் கொடுத்தது. அரசு தன் கடனில் ஒரு பகுதியைத் தராமல் வெட்டிவிடும் என்று பயந்து பலர் ஒதுங்கினார்கள். 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் பொதுமக்கள் வைத்திருந்த உண்டியலில் கைவைக்கவில்லை; அடிவாங்கியது ஊழியர் சேமலாப நிதியின் முறிகள். 2022 செப்டெம்பரில் போட்டவர் ஒரு வருடத்தில் டொலர் பெறுமதியில் பார்த்தாலே 40 வீதத்துக்கு மேல் இலாபம் எடுத்தார். பயம் உச்சியில் இருக்கும்போது வட்டியும் உச்சியில் இருக்கும், எல்லாரும் நகைக்கடையில் நிற்கும் நேரமும் அதுதான்.

வட்டிக்கு 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம் முற்கூட்டியே பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 லட்சத்துக்குள் என்றால் வரி இலக்கத்தோடு சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். பென்சன்காரர் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

என் பங்கீடு: ஆறு மாதச் செலவு ரூபா வைப்பில், மிச்சத்தில் பாதி வந்த நாணயத்தில், பத்து வீதத்துக்கு மேற்படாமல் தங்கக் கட்டி, மீதி உண்டியல். வங்கிக்குப் போகமுன் அந்த வாரப் புதன் ஏல முடிவை மத்திய வங்கித் தளத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். நிலையான வைப்புக்கு அவர்கள் அதைவிடக் குறைத்துச் சொன்னால், அந்த எண்ணைக் காட்டி வட்டி பேசலாம்.