பழைய பந்து, பதமான சீவாளி

அன்புள்ள ஐயா,

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வைகாசித் திருவிழா மேளம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இந்த முறை புதுச்சேரியிலிருந்து பைக்கில் வந்தேன். சாமி புறப்பட்டது, மல்லாரி வாசித்தார்கள். உடம்பு சிலிர்த்தது உண்மை. போனில் நாலு நிமிடம் பதிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு நாதஸ்வரக்காரர் கொஞ்சம் வாசிப்பதும் நிறுத்துவதுமாகவே இருந்தார். அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். மறுநாள் நண்பனின் தாத்தா, "நடுராத்திரி தோடி வாசிச்சாரே, கேட்டியா?" என்கிறார்.

இது எனக்கு முதல் முறை இல்லை. 2024 செப்டம்பரில் வங்கதேச டெஸ்ட்டின் முதல் நாளுக்கு லீவு போட்டு சேப்பாக்கம் போனேன். 144 ரன்னுக்கு 6 விக்கெட் விழுந்ததும் நண்பர்கள், "போதும்டா, பிரியாணி சாப்பிடப் போலாம்" என்றார்கள். போய்விட்டோம். அஸ்வின் சதம் அடித்ததை ஈசிஆர் பஸ்ஸில் வரும்போது போனில்தான் பார்த்தேன்.

எனக்குப் பொறுமை கிடையாது என்கிறார் அம்மா. ரசிகனாக இருப்பதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டுமா? இல்லை, எங்கள் வயதுக்காரர்களுக்கே இதெல்லாம் ஒத்துவராதா?

ஆர்., லாஸ்பேட்டை

*

அன்புள்ள ஆர்.,

பிரியாணிக்குப் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. திருவல்லிக்கேணிப் பக்கம் மத்தியான நேரத்தில் அந்த வாசனை என்ன பாடுபடுத்தும் என்று எனக்கும் தெரியும். விட்டுவிட்டு வந்தவர்கள் வரிசையில் உங்களுக்கு முன்னால் நான் நிற்கிறேன். சொல்கிறேன், கேளுங்கள்.

1986 செப்டம்பர், அதே சேப்பாக்கம், ஆஸ்திரேலியா. கடலூரில் எங்கள் வீட்டு ரேடியோவை நாலு நாள் நான் அணைக்கவே இல்லை. டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தார், பிறகு ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். கபில்தேவ் 119 அடித்து ஃபாலோ ஆனை (உடனே மறுபடியும் மட்டை பிடிக்க வேண்டிய நிலையை) தவிர்த்தார். கடைசி நாள் காலை ஆலன் பார்டர் டிக்ளேர் செய்துவிட்டார், நமக்கு இலக்கு 348. தேநீர் இடைவேளையின்போது கவாஸ்கர் ஆடிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அப்பா, "பண்ருட்டி வரைக்கும் போய் அந்தப் பாக்கியை வாங்கிட்டு வா" என்றார். அந்தக் காலத்தில் அப்பா சொன்னால் சொன்னதுதான். போனேன். பாக்கியும் வரவில்லை, அது வேறு கதை.

திரும்பும்போது பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு வெற்றிலை பாக்குக் கடை முன்னால் கூட்டம். ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஜெயிச்சாச்சா?"

"இல்ல."

"தோத்துட்டோமா?"

"இல்ல."

"அப்போ டிராவா?"

"அதுவும் இல்லப்பா."

நாலாவதாகக் கேட்க என்னிடம் கேள்வி இல்லை. கடைக்காரரே சொன்னார்: ரெண்டு பேர் ஸ்கோரும் ஒண்ணு. கடைசி ஓவரில் ஒரு பந்து பாக்கி இருக்கும்போது மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன்பு ஒரே ஒரு தடவைதான், 1960இல் பிரிஸ்பேனில், அப்படி நடந்திருந்தது. கடைசி ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பந்தைக்கூட நான் கேட்கவில்லை. ஆனாலும் அந்த ஆட்டம் என்னுடையது என்றே இன்றுவரை நினைக்கிறேன். நாலே முக்கால் நாள் அதோடு குடித்தனம் நடத்தியவன் நான். நீங்களும் அப்படித்தான். ரோஹித்தும் கில்லும் கோலியும் வந்த வேகத்தில் போய் 34க்கு 3 ஆன காலையை நேரில் பார்த்திருக்கிறீர்கள். அஸ்வின் சதத்தின் விலை உங்களுக்குத் தெரியும். ஹைலைட்ஸ் மட்டும் பார்த்தவருக்கு அது அவருடைய ஆறாவது டெஸ்ட் சதம், அவ்வளவுதான்.

சரி, பொறுமைக்கு வருகிறேன். அம்மா மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இங்கே அவர் சொன்ன சொல் சரியில்லை. பொறுமை ரேஷன் கடை வரிசைக்கு வேண்டியது, பல் டாக்டர் கிளினிக்கில் வேண்டியது. திருவிழா மேளத்தை யாரும் பொறுமையாகக் கேட்பதில்லை. திருப்பாப்புலியூரில் (ஊர்ப்பேரை நாங்கள் முழுதாகச் சொல்வதில்லை) வீதியில் அன்றைக்கு உங்களைச் சுற்றி நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தோளில் குழந்தை தூங்கும். இரண்டு பேர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பத்திரத் தகராறு பேசுவார்கள். ஒருவர் சுக்குக் காப்பிக்காரரிடம் சில்லறைக்குச் சண்டை போடுவார். காது மட்டும் அங்கேயே இருக்கும். வித்வான் ஒரு பிடி பிடித்தால் பத்திரத் தகராறு பாதியில் நிற்கும், தலை திரும்பும், அப்புறம் பேச்சு தொடரும். டெஸ்ட்டும் இதே தினுசுதான். முன்பெல்லாம் சேப்பாக்கத்துக்குச் சோற்று மூட்டையோடு போவார்கள். ஐந்து நாள், நாளைக்கு 90 ஓவர், அத்தனை பந்தையும் கண் கொட்டாமல் பார்த்தவர் அம்பயரைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

அப்படியானால் நீங்கள் எங்கே கோட்டைவிட்டீர்கள்? எழுந்து போனதில் இல்லை. எப்போது போகலாம் என்று தெரியாமல் போனதில்தான்.

அன்று டாஸ் ஜெயித்த வங்கதேசம் பந்துவீச வந்தது. செம்மண் ஆடுகளம், காலை ஈரம், புதுப்பந்து. பந்து புதிதாக இருக்கும்போது கெட்டியாக, பளபளப்பாக, தையல் துருத்திக்கொண்டு இருக்கும். விழுந்த இடத்திலிருந்து அது எப்படி வேண்டுமானாலும் போகும். ஹசன் மஹ்மூத் கொத்தாக விக்கெட் எடுத்தது அந்தப் பொழுதில்தான். 40 ஓவர் தாண்டினால் தையல் படிந்துவிடும், தோல் தளர்ந்துவிடும், பிட்ச் காய்ந்துவிடும். 80 ஓவர் முடிந்துதான் அடுத்த புதுப்பந்து கேட்கலாம். ஆக, நீங்கள் எழுந்த அந்த நிமிடம்தான் மட்டைக்காரர்களுக்குக் கதவு திறந்த நிமிடம். உள்ளே ஜடேஜாவும், பிறந்து வளர்ந்த ஊரில் ஆடும் அஸ்வினும். அன்றைய மிச்சப் பொழுதில், 40 ஓவருக்கும் குறைவாக, விக்கெட் விழாமல் 195 ரன். 144க்கு 6 என்பது போர்டில் பார்க்க மோசமாகத் தெரியும். பழகிய ரசிகர் போர்டைப் பார்க்க மாட்டார், பந்தின் வயதைப் பார்ப்பார். அவரும் பிரியாணி சாப்பிடுவார், ஆனால் காலையிலேயே, விக்கெட் சரியும்போதே, போய் முடித்துவிட்டு வந்திருப்பார்.

இப்போது நாதஸ்வரக்காரருக்கு வாருங்கள். "கொஞ்சம் வாசிப்பதும் நிறுத்துவதுமாக" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அவர் சீவாளி, அதாவது வாத்தியத்தின் நுனியில் செருகி ஊதும் தட்டை, மாற்றிக்கொண்டிருந்தார் ஐயா! வாத்தியத்திலிருந்து நூலில் நாலைந்து சிறு தட்டைகள் தொங்கியதைக் கவனித்திருப்பீர்கள். அலங்காரத்துக்கு இல்லை. காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையில் செய்வது, திருவாவடுதுறைச் சீவாளிக்குத் தனிப் பேர். வாயில் வைத்து ஈரமாக்கி, உதட்டால் பழக்கி, அது பதத்துக்கு வரும்வரை வாத்தியம் சொன்ன பேச்சு கேட்காது. ஒன்று கம்மும், இன்னொன்று கீச்சிடும். மல்லாரி கம்பீரநாட்டையில் தாளக்கட்டோடு ஓடுவது, தவில் தூக்கிக்கொண்டு போய்விடும், சீவாளி கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் தெரியாது. தோடிக்கு அப்படி முடியாது. காந்தாரத்தை அசைத்து அசைத்துத்தான் அந்த ராகத்தையே கட்ட வேண்டும். சீவாளி பச்சையாக இருக்கும்போது கை வைத்தால் மானம் போகும். அதனால்தான் நல்ல வித்வான் தோடியை நேரம் பார்த்து எடுக்கிறார். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் பேரோடு ஒட்டிக்கொண்ட ராகம் வேறு, கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு தராசு இருக்கும்.

அன்றைக்கு நான் இருந்தேன். அவர் மூன்று சீவாளி மாற்றினார், மூன்றாவதும் பிடிக்கவில்லை, முதலில் கழற்றியதையே திரும்பப் போட்டார். நான் இதுதான் சமயம் என்று போய் டீ குடித்துவிட்டு வந்தேன். பன்னிரண்டு மணி சுமாருக்கு வீதி திரும்பும் இடத்தில் சாமியை நிறுத்தினார்கள். கூட்டம் பாதி கலைந்துவிட்டது, நாற்பது ஐம்பது பேர்தான். மெதுவாக, பேசுவது போல, கீழ் ஸ்தாயியில் ஆரம்பித்தார். தவில்காரர் கையைத் தோல்மேல் வைத்தபடி சும்மா நின்றார். எனக்குப் பக்கத்தில் பூக்கட்டும் அம்மா ஒருவர், கை நாரில் நின்றுபோக, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் அவர், "அடடா" என்றார். வித்வானுக்கு அது கேட்டுவிட்டது. அதே பிடியை இன்னொரு தரம், போன தடவையைவிட ஒரு வளைவு கூட வைத்து, அந்த அம்மா பக்கம் திரும்பி வாசித்தார்.

அந்த வித்வான் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, பக்கத்து ஊர்க்காரர், கல்யாண முகூர்த்தங்களில் பிழைப்பு. பெரிய சபாவில் பெரிய பெயரைக் கேட்க நானும் காசு கொடுத்துப் போயிருக்கிறேன். அங்கே அவர் வாசிப்பார், நான் கேட்பேன். பூக்கட்டும் அம்மாவுக்குக் கிடைத்தது அங்கே கிடைக்காது. உங்கள் ஊர் ஆடி மாத மாரியம்மன் கோவில் மெல்லிசைக் கச்சேரியிலும் இது உண்டு. துண்டுச் சீட்டில் பாட்டெழுதி மேடைக்கு அனுப்புங்கள், பத்து ரூபாய் சேர்த்து அனுப்பினால் பேரைச் சொல்லிப் பாடுவார்கள், சில நேரம் தப்பாகப் பாடுவார்கள், அதுவும் உங்களுக்கென்றே பாடியதுதான். ஜூன் 21இல் பிரெஞ்சுக்காரர்கள் வழியாக வந்த இசைத் திருநாளும் உங்களிடம் இருக்கிறது, நடந்துகொண்டே கேட்கலாம்.

போனில் பதிவு செய்ததற்காகத் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். இளவயதில் இதே வீதிக்கு நேஷனல் டேப் ரெக்கார்டர் ஒன்றை இரவல் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போனவன் நான். அந்த கேசட் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பையன் திருவிழாக் கடையில் வாங்கிய பீப்பீயை ஊதிக்கொண்டே வந்திருக்கிறான். நாதஸ்வரம் எங்கோ தூரத்தில் கேட்கிறது, பீப்பீ மட்டும் அட்சர சுத்தம்.

உங்கள் தலைமுறை பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அது மாதிரிக் கேள்விகள் எனக்கு அலுப்பு. வேண்டுமானால் ஒன்று செய்து பாருங்கள். புதுச்சேரி அணி 2018-19 முதல் ரஞ்சிக் கோப்பை ஆடுகிறது. லாஸ்பேட்டையிலிருந்து துத்திப்பட்டு மைதானம் அப்படி ஒன்றும் தூரமில்லை. ரஞ்சிக்குக் கூட்டம் வராது, அதுதான் வசதி. மட்டையில் பந்து படும் சத்தம் கேட்கும். புதுப்பந்தின் சத்தம் ஒன்று, ஐம்பது ஓவர் ஆடிய பந்தின் சத்தம் வேறொன்று. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிகிறதா பாருங்கள். நடுவில் போன் பாருங்கள், தூங்குங்கள், யார் கேட்கப் போகிறார்கள்.

அப்புறம் அடுத்த வைகாசிக்கு மல்லாரிக்கென்று அவசரப்பட்டு ஓடிவர வேண்டாம். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குமேல் வாருங்கள். நாதஸ்வரக்காரர் சீவாளி மாற்றுவது தெரிந்தால் தேரடிப் பக்கம் டீக்கடையில் இருப்பேன், அங்கே வந்துவிடுங்கள். அம்மாவையும் அழைத்து வாருங்கள். பொறுமை விஷயத்தை அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.