சீனாவில் பழைய கடைத்தெரு ஒன்றில் சுற்றித் திரிந்து, கிடைத்ததைத் தின்று பார்க்க எங்கே போகலாம்?

என் ஓட்டு குவான்சோ ஊரின் மேற்குத் தெருவுக்கு. சீனத்தில் 'ஷீ ஜியே'. முதலில் ஓர் எச்சரிக்கை: குவாங்சோ வேறு, குவான்சோ வேறு. எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள், இல்லையென்றால் வேறு மாகாணத்தில் போய் இறங்குவீர்கள். நான் சொல்லும் ஊர் தைவானுக்கு எதிர்க்கரையில், புஜியான் மாகாணத்தில் இருக்கிறது. சியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி.

நான் சுற்றுலாவுக்கென்று போனவன் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் தொழில். மார்ச் மாதம் சியாமெனில் நடக்கும் கல் கண்காட்சி எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. அது முடிந்ததும் குவான்சோவைச் சேர்ந்த ஷுய்தோவ் என்ற ஊருக்கு அறுப்பு பிளேடு விலை பேசப் போயிருந்தேன். மச்சினனும் கூட வந்திருந்தான். வேலை வெள்ளிக்கிழமையே முடிந்துவிட, ஒரு சனிக்கிழமை கையில் மிஞ்சியது. மச்சினன் சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டான். பெருமாள் விரதம். இது பின்னால் முக்கியம்.

தெருவின் கிழக்கு முனையில் வெள்ளை நிறத்தில் ஒரு மணிக்கூண்டு நிற்கும். அங்கிருந்து மேற்கே பார்த்து நடந்தால் போதும். தாங் வம்சக் காலத்திலிருந்து, அதாவது ஆயிரம் ஆண்டுக்கு மேலாக, இருக்கும் தெரு என்கிறார்கள். ஆனால் கண்ணில் படுவது பெரும்பாலும் செங்கல் முகப்பு வைத்த இரண்டு மாடிக் கட்டடங்கள், நடுநடுவே இரு முனையும் குருவி வால் மாதிரிப் பிரிந்து எழும்பிய ஓட்டுக் கூரைகள். சுவர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். உடைந்த செங்கல்லும் கருங்கல்லும் கலந்து கட்டியிருப்பார்கள். 1604இல் வந்த பெரிய நிலநடுக்கத்தில் இடிந்ததையெல்லாம் பொறுக்கிக் கட்டப் பழகியது என்று ஊரில் சொல்கிறார்கள். கதை எப்படியோ, கட்டுமானம் சுத்தம். எங்கள் பட்டறையில் லோடு லோடாகக் கழிவுக் கல் கிடக்கிறது, இப்படி யாருக்கும் தோன்றவில்லை.

கடைகளைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாதிக் கடைகளில் ஒரே சரக்கு. அதே காந்த பொம்மை, அதே சீப்பு, அதே பை. தி.நகரில் அடுத்தடுத்த கடையில் ஒரே சுடிதார் தொங்குமே, அந்த மாதிரி. வாங்க வேண்டுமென்றால் இரண்டு சாமான்தான் சொல்வேன். ஒன்று, தெஹுவா வெண்பீங்கான். அந்த ஊரும் குவான்சோவைச் சேர்ந்ததுதான், பால் மாதிரி வெளுப்பு. இன்னொன்று, அன்சி மலையில் விளையும் தியெகுவான்யின் தேயிலை. ஆனால் முதல் கடையிலேயே வாங்கிவிடாதீர்கள். நான் ஒரு கடையில் மரியாதைக்காக மூன்று கோப்பை குடித்துவிட்டு, எழுந்து வரக் கூச்சப்பட்டு, சொன்ன விலைக்கு வாங்கினேன். பக்கத்துச் சந்தில் கிட்டத்தட்ட அதே சரக்கு பாதி விலை.

அந்தச் சந்துக் கடையில்தான் ஒரு விஷயம் நடந்தது. கடைக்கார அம்மா முதல் தண்ணீரை ஊற்றி, கோப்பைகளைக் கழுவிக் கொட்டினார். இரண்டாம் தண்ணீரை உள்ளங்கையில் அடங்கும் கோப்பையில் ஊற்றி என் பக்கம் தள்ளி, "லிம் தே" என்றார். தே! சீனாவில் மற்ற இடமெல்லாம் 'சா' என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது தனியாகக் கேட்டது. இந்தக் கரையில் பேசும் ஹொக்கியன் மொழியில் தேயிலைக்குப் பெயர் 'தே'. கப்பல் ஏறிப் போன அந்தச் சொல்தான் நம் 'தேயிலை'யிலும் 'தேநீர்'இலும் இருக்கிறது. டீயும் அதே வழிதான். தூய தமிழ் என்று நினைத்து மேடையில் 'தேநீர் அருந்தலாம்' என்கிறோம், முன்பாதி இந்த ஊர்ச் சரக்கு.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இங்கே காலைப் பலகாரம் மியென்சியென் ஹூ. தலைமுடி மாதிரி மெல்லிய கோதுமை நூலைக் குழையக் குழைய வேகவைத்த கஞ்சி. சேமியாவை மறந்து அடுப்பிலேயே விட்டுவிட்டால் என்ன பதம் வருமோ, அதுதான் இங்கே சரியான பதம். கண்ணாடிப் பெட்டிக்குள் கிண்ணம் கிண்ணமாகச் சிப்பி, குடல், வறுத்த பன்றி இறைச்சி, ரத்தக் கட்டி என்று வைத்திருப்பார்கள். விரலால் காட்டினால் கஞ்சியில் போட்டுத் தருவார்கள். அப்புறம் எண்ணெயில் பொரித்த நீள மாவுத் துண்டைக் கத்தரிக்கோலால் நறுக்கி மேலே தூவி, கடைசியில் வெள்ளை மிளகுத் தூள். இருபது யுவானுக்குள் வயிறு நிறைந்துவிடும். ஒரு யுவான் ஏறக்குறைய 12 ரூபாய்.

மிளகு என்றதும் ஞாபகம் வருகிறது. மார்க்கோ போலோ இந்த ஊரை ஸைத்தூன் என்கிறார். அலெக்சாண்டிரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் இங்கே நூறு கப்பல் வருகிறது என்று எழுதியிருக்கிறார். ஸைத்தூன் என்ற பெயரே ஊரைச் சுற்றி நட்டிருந்த 'சிதோங்' மரத்திலிருந்து வந்ததாம். போனில் அந்த மரத்தின் படத்தைத் தேடிப் பார்த்தேன். நம் ஊர் வேலியில் நிற்கும் கல்யாண முருங்கை!

இஞ்சி வாத்து கடைகளைத் தேட வேண்டாம், மூக்கே கூட்டிப்போகும். வாசலில் வரிசையாக மண்சட்டிகள், உள்ளே முற்றிய இஞ்சியும் நல்லெண்ணெயும் போட்டு வற்றவைத்த வாத்து. தீபாவளி லேகியம் கிளறும்போது வீட்டில் வருமே, அந்த வாசனை. ரப்பர் மாதிரி இழுபடும் சிப்பி ஆம்லெட் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மெல்லிய மாவு ரொட்டியில் காய்கறி வைத்துச் சுருட்டும் போப்பியாவை சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதன் தாய்வீடு இந்தப் பக்கம்தான், சூடாகச் சுருட்டித் தருகிறார்கள்.

இப்போது மச்சினன் கதை. ஒரு தள்ளுவண்டியில் சின்னச் சின்ன அச்சில் வார்த்த கண்ணாடி மாதிரிப் பண்டம். பெயர்ப் பலகையை மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டினேன். 'மண் மூங்கில் குருத்து ஜெல்லி' என்று வந்தது. "மாப்ளே, மூங்கில் குருத்துதான். தாராளமா சாப்பிடு" என்றேன். அவனும் பூண்டு, வினிகர், கடுகு விழுது எல்லாம் ஊற்றிய கிண்ணத்தை வாங்கி இரண்டை வாயில் போட்டான். "கொழகொழன்னு இருக்கு, ஆனா நல்லாருக்கு மாமா." நான் மூன்றாவதைக் குச்சியில் குத்தி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஜெல்லிக்குள் சாம்பல் நிறத்தில், விரல் நீளத்தில், ஒன்றல்ல, நான்கைந்து. கடலோரச் சேற்றில் தோண்டி எடுக்கும் புழு. வேகவைத்தால் அதன் பசையிலேயே கட்டிப்படுமாம். மூங்கில் குருத்து என்பது வெறும் செல்லப் பெயர். சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அவன் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அவன் இந்தத் தளத்தில் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் சைவம் என்றால் செயலியை நம்பாதீர்கள். 'நான் சைவம், மீனும் முட்டையும்கூட வேண்டாம்' என்று சீனத்தில் எழுதி வாங்கிப் போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். நம்பிச் சாப்பிட ஒரு பண்டம் ஷிஹுவா காவ். வேறொன்றுமில்லை, கடல்பாசி. ஜில்லென்று சீவி, தேனும் பழத்துண்டும் போட்டுத் தருவார்கள். பிராயச்சித்தமாக மச்சினனுக்கு ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக் கொடுத்தேன்.

தின்றுகொண்டே நடந்தால் வலது கைப்பக்கம் கையுவான் கோவில் வரும். 7ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பௌத்தக் கோவில். உள்ளே போக டிக்கெட் கிடையாது. இரண்டு கற்கோபுரங்கள், உயரமானது 48 மீட்டர். இரண்டும் 13ஆம் நூற்றாண்டில் மரக்கோபுரம் மாதிரியே கல்லில் செதுக்கி அடுக்கியவை, அந்த 1604 நிலநடுக்கத்துக்கும் அசையாதவை. மேற்குக் கோபுரத்தின் நான்காம் நிலையில் கையில் வாளோடு குரங்கு முகத்து வீரன் ஒருவன் இருக்கிறான். அனுமன் என்று சொல்பவர்களும் உண்டு. பெரிய மண்டபத்துக்கு நூறு தூண் மண்டபம் என்று பெயர், கணக்கில் இருப்பது 86.

அந்த மண்டபத்தின் பின்பக்கம் போகாமல் திரும்பிவிடாதீர்கள். கூட்டம் முன்னாலேயே ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போய்விடுகிறது. பின் தாழ்வாரத்தில் மற்ற தூண்களோடு ஒட்டாத இரண்டு தூண்கள், பதினாறு பட்டை, பச்சை ஓடிய சாம்பல் கல். எனக்குக் கல்தான் முதலில் கண்ணில் பட்டது, மச்சினனுக்குச் சிற்பம். "மாமா, நரசிம்மர்!" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்தார். மடியில் இரணியனைக் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மர். கொஞ்சம் தள்ளி, கோபியர் துணியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிய கண்ணன். முதலை காலைக் கவ்விய யானை. முகங்களில் லேசான சீனச் சாயல், ஆனால் கதையில் ஒரு பிசகு இல்லை.

இங்கே இருந்த தமிழ் வணிகர்கள் கட்டிய கோவிலின் கற்கள் இவை. மங்கோலியர்களின் யுவான் வம்ச ஆட்சி முடியும் தறுவாயில் எரிந்த புத்தர் மண்டபத்தை, அடுத்து வந்த மிங் வம்சக் காலத்தில் எடுத்துக் கட்டியபோது, சிதைந்த நம் கோவிலின் கற்களையும் கொண்டுவந்து பொருத்திவிட்டார்கள். முன்மேடையின் அடிவரிசையில் சிங்கமும் மனிதத் தலைச் சிங்கமுமாக ஓடும் 73 பலகைகளும் அப்படி வந்தவைதான். சிவன் கோவிலும் இருந்திருக்கிறது. 1956இல் இந்த ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1203 சித்திரையில், அதாவது 1281இல், செகசைக்கானின் உடல்நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் சீனாவை ஆண்ட காலம். கல்வெட்டைத் தேடி இந்தத் தெருவில் அலைய வேண்டாம், இங்கே இருப்பது தூணும் பலகையும்தான். யானை லிங்கத்தைப் பூசிக்கும் சிற்பம் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்களுக்கு நேரம் போதவில்லை. ஆனால் கோவில் வளாகத்திலேயே, 1974இல் தோண்டி எடுத்த, மங்கோலியருக்கு முந்தைய சோங் வம்சக் காலக் கப்பல் ஒன்று கிடத்தப்பட்டிருக்கிறது. அதற்குள் வாசனை மரக்கட்டைகளோடு மிளகும் கிடைத்ததாம். காலையில் கஞ்சியில் தூவிய தூள் வேறு நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் தெருவில் கூட்டம் நெரியும். தலையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைத்த பெண்கள் நூற்றுக்கணக்கில் வருவார்கள். பக்கத்து ஷுன்பூ மீனவக் கிராமத்து அலங்காரம் அது, இப்போது வாடகைக்குக் கட்டிவிடும் கடைகள் சந்துக்குச் சந்து முளைத்திருக்கின்றன. அக்டோபர் முதல் வாரமும் மே தின விடுமுறையும் மட்டும் வேண்டவே வேண்டாம், ஊரே சுற்றுலா கிளம்பும் நாட்கள். பணம் எல்லாம் போனில்தான், அலிபே என்ற பணச் செயலியில் நம் கார்டை இணைத்துக்கொண்டு போங்கள். தூறல் இருந்தால் தரைக்கல் வழுக்கும், செருப்பு வேண்டாம்.

திரும்பும் ரயிலில் மச்சினன் ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். அப்புறம் சொன்னான்: "சனிக்கிழமையும் அதுவுமா, சீனாவுல பெருமாள் தரிசனம் கிடைச்சிருச்சு மாமா. விரதமும் கெடல." நான் தேயிலைப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.