புதராக மண்டிய குண்டுமல்லி பூக்க மறுப்பது ஏன்?

கேள்வி: தோட்டத்தில் தரையில் நட்ட குண்டுமல்லிக்கு நான்கு வயது. பச்சைப்பசேலென்று இடுப்பளவு வளர்ந்துவிட்டது. பூ மட்டும் அங்கொன்று இங்கொன்றுதான். இப்போது கொழுந்து இலைகள் வெளிறுகின்றன. யூரியா போட்டும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் யூரியாவை நிறுத்துங்கள். அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் செடி இலையாகவே விட்டுக்கொண்டு போகும். குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். முற்றிய கிளையை வெட்டாமல் விட்டால் புதுத் தளிர் குறையும், பூவும் குறையும். ஆகவே உங்கள் செடிக்கு வேண்டியது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதுதான்.

குளிர்காலத்தில், வெயில் ஏறுவதற்கு முன் வெட்டுவது நல்லது. ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரத்தில் எல்லாக் கிளைகளையும் கூரான கத்தரியால் வெட்டுங்கள். காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, நடுவில் அடைத்து நிற்பவை ஆகியவற்றை அடியோடு எடுத்துவிடலாம். மிஞ்சிய இலைகளையும் உருவிவிடுங்கள். செடி மொட்டையாக நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேர் நன்றாக இருந்தால் சில வாரங்களில் துளிர்த்துவிடும்.

வெட்டியதும் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாகக் கொத்தி, 10 கிலோ மக்கிய தொழு உரம், 65 கிராம் யூரியா, 375 கிராம் சூப்பர் பாஸ்பேட், 100 கிராம் பொட்டாஷ் இட்டு மூடித் தண்ணீர் விடுங்கள். ஏற்கெனவே யூரியா போட்டிருப்பதால் இந்த முறை அதை மட்டும் தவிர்த்துவிடலாம். ஆறு மாதம் கழித்து ரசாயன உரங்களை அதே அளவில் இன்னொரு முறை இடவும். இது தரையில் வளர்ந்த பெரிய செடிக்கான கணக்கு. தொட்டிச் செடிக்கு இவ்வளவு போட்டால் வேர் கருகிவிடும்.

வெயில் தினமும் ஆறு மணி நேரமாவது நேரடியாக விழ வேண்டும். நிழலில் நிற்கும் செடிக்குக் கவாத்தும் உரமும் பெரிதாக உதவாது.

இனி வெளிறல். கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, துளிர்த்தபின் வாரம் ஒருமுறை மாலையில் இலையில் தெளியுங்கள். கரைசலை அன்றன்றே கலக்க வேண்டும். அடி இலைகள் மஞ்சளானால் அது வேறு சிக்கல். அப்போது ஓரமாகத் தோண்டி வேரைப் பாருங்கள்: முடிச்சு முடிச்சாக இருந்தால் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு, பழுப்பாகிக் குழைந்திருந்தால் தண்ணீர் தேக்கம்.

மொட்டு வரத் தொடங்கியதும் ஓட்டை விழுந்தவற்றைத் தேடிப் பறித்து அழித்துவிடுங்கள். உள்ளே மொட்டுப்புழு இருக்கும். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் அடிக்கலாம். ஒவ்வொரு பூச்சுற்று முடிந்ததும் பூத்த நுனிகளை இரண்டு கணு கீழே கிள்ளிவிட்டால் அடுத்த தளிர் விரைவில் வரும்.