வீட்டை அடமானம் வைக்காதீர்கள், அந்தப் பெண் கேட்பதைப் படிக்கட்டும்

திண்டுக்கல்லில் பிஸ்கட், நொறுக்குத்தீனி ஏஜென்சி நடத்தும் ஒருவர் மனைவி, மகளோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார். பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கணக்குப் பிரிவு. பெங்களூரு சித்தப்பா 'ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்' இன்ஜினீயரிங்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் 4 வருடத்துக்கு 12 லட்சம். அதற்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டும். பெண் கேட்பதோ பி.எஸ்சி. புள்ளியியல். "வெறும் டிகிரிக்கு யார் சார் வேலை குடுப்பாங்க?" என்று கேட்கும்போதே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு நேராகவே சொன்னேன்: வீட்டை அடமானம் வைக்காதீர்கள். கல்லூரி வாசலில் எழுதியிருக்கும் துறையின் பெயருக்கு 12 லட்சம் கொடுப்பது தப்பு.

அதற்குக் காரணம் அந்தப் பெண் கொண்டுவந்திருந்த ஸ்டாக் நோட்டு. ஒரே 10 ரூபாய் பிஸ்கட்டை இரண்டு வரியில் எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "விலை அதேதான், எடையைக் குறைச்சிட்டாங்க சார். ஒண்ணா எழுதினா போன வருஷ அளவே வித்த மாதிரி தெரியும். கிலோ கணக்குப் பார்த்தா இடிக்கும்."

பெரிய உணவு நிறுவனங்களில் டேட்டா ஆர்க்கிடெக்ட், அதாவது நிறுவனத்தின் தகவல்களுக்கு அமைப்பு வரைபவர், இப்படிப்பட்ட கேள்விகளோடுதான் மல்லுக்கட்டுகிறார். எடை மாறிய பாக்கெட் பழைய பொருளா, புதுப் பொருளா? பார்கோடு எண் வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் விதிப்படி, அச்சிட்ட நிகர எடை மாறினால் புது எண் வேண்டும். ஆலையில் ஒரு பெயர், கிடங்கில் ஒரு குறியீடு, உங்கள் பில்லில் இன்னொன்று. எல்லாம் ஒரே பொருள் என்று கணினிக்குப் புரியும்படி இணைக்க வேண்டும். ஒரு பேட்சில், அதாவது ஒரே தடவையில் தயாரித்த சரக்கில், கோளாறு என்றால் அது எந்த லாரியில் ஏறி எந்த ஏஜென்சிக்குப் போனது என்று உடனே சொல்லத் தெரிய வேண்டும். கெட்ட உணவைத் திரும்பப் பெறுவதற்கென்றே 2017இல் விதிமுறைகள் வந்துவிட்டன. தகவல் எங்கே, எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே வரைந்து வைத்திருந்தால்தான் அன்றைக்குத் தேட முடியும்.

படித்து முடித்த கையோடு இந்தப் பதவி கிடைக்காது. மாஸ்டர் டேட்டா (பொருள், கடை போன்றவற்றின் அடிப்படைப் பட்டியல்), ரிப்போர்ட், எஸ்க்யூஎல் (தகவல் தளத்தில் கேள்வி கேட்கும் கணினி மொழி) என்று பல வருடம் உழைத்துத்தான் வர வேண்டும். கடைக்கும் கிடங்குக்கும் நடக்கும் கணக்கு தெரிந்தவர்களுக்கு அங்கே மதிப்பு அதிகம். உங்கள் மகளுக்கு அது வீட்டுப் பாடம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் இருக்கிறது. அரசுக் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். அவள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கூடவே ஐஐடி மெட்ராஸின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிக்கலாம். ஜேஇஇ தேவையில்லை, நான்கு வாரப் பாடத்துக்குப் பின் ஒரு தகுதித் தேர்வு. இரண்டு பட்டம் ஒரே நேரத்தில் படிக்க 2022இலேயே யுஜிசி அனுமதித்துவிட்டது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் இரண்டையும் இழுத்துப் பிடிக்க முடியுமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் இல்லை.

அந்த நோட்டைக் கணினியில் ஏற்றச் சொல்லி அனுப்பினேன்: பொருளுக்கு ஒரு அட்டவணை, பேட்சுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. சித்தப்பாவின் எண்ணையும் வாங்கி வைத்திருக்கிறேன். அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.