மைனராக இருந்தபோது போட்ட கையெழுத்து, இப்போது பாடத் தடையா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். நான்கு பெண்கள் சேர்ந்து பாப் குழுவாகக் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று பாடினோம். எனக்கு 17 வயதில், குழு நடத்துபவர் 20 ரூபாய் பத்திரத்தில் என்னிடமும் அப்பாவிடமும் கையெழுத்து வாங்கினார். ஐந்து வருட ஒப்பந்தம். விலகினால் மூன்று வருடம் எங்கும் பாடக் கூடாது, மீறினால் 5 லட்சம். இப்போது எனக்கு 20 வயது. சென்னையில் தனியாகப் பாடக் கூப்பிடுகிறார்கள். அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். அமெரிக்கப் பாடகி பியான்சேகூட குழுவிலிருந்து வந்தவர்தானே?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எடுத்து, அந்தப் பத்திரத்தின் பக்கத்தில் வையுங்கள். பிறந்த தேதிக்கும் கையெழுத்துத் தேதிக்கும் நடுவே 18 வருடம் நிறையவில்லை என்றால், அந்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. 1903-ல் பிரிவி கவுன்சில் (வெள்ளைக்காரர் ஆட்சியில் நமக்கு மேல்முறையீட்டுக்கான கடைசி நீதிமன்றம், லண்டனில் இருந்தது) சொன்னது, இன்றும் அதுதான் சட்டம். அப்பா கையெழுத்து? சினிமாவில் நடிக்க ஒரு சிறுமிக்காக அவள் அப்பா போட்ட ஒப்பந்தத்தை 1949-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த வழக்கைப் போட்டுத் தோற்றது அந்தச் சிறுமிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் இந்தப் பத்திரத்தைக் காட்டிச் சம்பள பாக்கி கேட்க முடியாது.

18 முடிந்தபின் புதிதாக ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா? அப்படியென்றால் கதை வேறு. ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேறு இடத்தில் பாடக் கூடாது என்ற நிபந்தனை நிற்கக்கூடும். ஆனால் முடிந்த பிறகும் மூன்று வருடம் வாயை மூடு என்பது ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 5 லட்சமும் அப்படியே கிடைத்துவிடாது. 74-ஆம் பிரிவில் அது உச்சவரம்பு மட்டும்தான், அதற்குள் நியாயமான தொகையை நீதிமன்றம் முடிவு செய்யும்.

குழுவின் பெயரை உங்கள் போஸ்டரில் போட்டுக்கொள்ள வேண்டாம், அதில் வீண் வம்பு வரும்.

பியான்சே 2003-ல் தனி ஆல்பம் வெளியிட்டபோது அவருடைய குழுவான டெஸ்டினிஸ் சைல்ட் கலைந்திருக்கவில்லை. 2004-ல் மறுபடி குழுவோடும் ஒரு ஆல்பம் தந்தார். மற்ற மூன்று தோழிகளோடு உறவை முறித்துக்கொள்ள உங்களுக்கும் அவசியமில்லை.

நோட்டீசுக்கு வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள், போனில் பேச வேண்டாம். "வாம்மா, கணக்கை முடிச்சுக்கலாம்" என்று அவர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இப்போது உங்களுக்கு 20 வயது, அந்தக் கையெழுத்து செல்லும். சென்னைக் கம்பெனியின் தாளுக்கும் இதுவேதான், படித்துப் பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.