மகாதமனி கிழிந்தவருக்கு எக்மோ வைக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் உட்சுவர் கிழிந்திருக்கிறது, கீழிறங்கும் பகுதியில் வரும் ‘பி’ வகை என்றார்கள். மருந்து கொடுத்து வந்த மூன்றாம் நாளில் மூச்சுத் திணறல் வந்து இப்போது வென்டிலேட்டரில் இருக்கிறார். எக்மோ தேவைப்படலாம் என்கிறார்கள். கிழிவு இருந்தால் எக்மோ ஆபத்து என்று படித்தேன். உண்மையா?

பதில்: எக்மோ என்பது ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, கருவியில் ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி விடும் முறை. நீங்கள் படித்தது அதில் ஒரு வகைக்குத்தான் பொருந்தும். தொடைத் தமனி வழியாக ரத்தத்தை மேல்நோக்கிச் செலுத்தும் வகை அது. அந்த ஓட்டம் கிழிந்த சுவருக்குள் புகுந்தால் கிழிவு நீளும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் கிளைகள் அடைபடும். உங்கள் அப்பாவுக்குப் பேசப்படுவது பெரும்பாலும் சிரை வழி எக்மோவாக இருக்கும். தொடைச் சிரையில் ரத்தத்தை எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, கழுத்துச் சிரையில் திருப்பி விடுவார்கள். மகாதமனிக்குள் எந்தக் குழாயும் போகாது. ஆனால் இதயம் நன்றாக இயங்கினால்தான் இது பலன் தரும். எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

மூச்சுத் திணறல் இப்படி வரலாம்: கிழிவு தூண்டும் அழற்சியால் நுரையீரலின் நுண்குழாய்கள் கசிகின்றன. வலியால் மூச்சை ஆழமாக இழுக்க முடியாமல் அடிப்பகுதி சுருங்கியும் போகும். இடப்பக்கம் நீர் கோத்திருந்தால் அது ரத்தமா என்று உடனே சிடி எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் என்றால் தமனி வெடித்துக் கசிகிறது என்று பொருள். அதற்கான சிகிச்சையே வேறு.

எக்மோவுக்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிலோவுக்கு 6 மில்லி அளவே காற்று. நுரையீரலின் உள்ளழுத்தம் 30 செ.மீ. நீருக்கு மேல் போகக் கூடாது. ரத்த ஆக்சிஜன் விகிதம் (ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் காற்றில் உள்ள ஆக்சிஜன் பங்கால் வகுத்தது) 150-க்குக் கீழே இறங்கினால் நாளுக்கு 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைப்பது. இங்கேதான் சிக்கல். காற்றைக் குறைத்தால் கரியமில வாயு ஏறும், கூடவே ரத்த அழுத்தமும் துடிப்பும் ஏறும். கிழிவுக்கோ மேல் அழுத்தம் 100–120, துடிப்பு 60-க்குள் வேண்டும். அதனால் ஆழ்ந்த மயக்கமும் துடிப்பையும் அழுத்தத்தையும் குறைக்கும் எஸ்மலால் போன்ற மருந்தும் சேர்ந்தே ஓட வேண்டும். ரத்தக்குழாயை விரிக்கும் மருந்துகளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஆக்சிஜன் இன்னும் சரியலாம்.

இவ்வளவு செய்தும் விகிதம் 80-க்குக் கீழே 6 மணி நேரத்துக்கு மேல் நின்றால் எக்மோவைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் குறைந்த அளவில் வைப்பார்கள், சில சமயம் நிறுத்தியும் வைப்பார்கள். அப்போது கருவிக்குள் ரத்தம் உறையாதபடி ஓட்டத்தைக் கூட்டி வைக்க வேண்டும்.

மயக்கத்தில் இருப்பவரால் புதிய வலியைச் சொல்ல முடியாது. ஆகவே கால் நாடி, சிறுநீர் அளவு, லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்), ஹீமோகுளோபின் ஆகியவற்றை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.