தூரிகைப் பெட்டி: கும்பிடுகிற இடத்தைக் கீறும்போது

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வன்னிக் கோயிலடிகளையும் குளங்களையும் காடுகளையும் படமாக்குவது பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

*வற்றாப்பளை அம்மன் கோயில் பக்கமிருந்து நந்திக்கடலை நீர்வண்ணத்தில் கீறுகிறேன். எப்படிக் கீறினாலும் வெளிநாட்டுக் கடற்கரை போலவே வருகிறது. படத்தை இணைத்துள்ளேன்.*
வாசகி, முள்ளியவளை

நீலத்தைக் குறையுங்கள். நந்திக்கடல் பெயரில்தான் கடல். உண்மையில் ஆழங்குறைந்த களப்பு. காற்றடித்தால் அடிச்சேறு கிளம்பி நீர் பழுப்புப் பச்சையாகக் கலங்கும். முதலில் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளை நன்றாக நீர்க்கக் கரைத்து நீர்ப்பரப்பு முழுவதும் பூசுங்கள். அது காய்ந்த பிறகு அல்ட்ரமரின் நீலம் மூன்று பங்கும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஒரு பங்கும் கலந்தால் ஒரு சாம்பல் நீலம் வரும். அதைத் தட்டைப் பிறஷால் கிடையாக இழுங்கள். இடையிடையே அடிப்பூச்சுத் தெரியட்டும்.

கோயில் களப்பின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஆகவே காலையில் வெயில் எதிரே வரும். நீர் வெள்ளித் தகடாக மின்னும், அக்கரை மெல்லிய கருங்கோடாக நிற்கும். மாலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம். நீங்கள் அனுப்பிய படத்தில் சூரியன் களப்புக்குள் இறங்குகிறது, அதன் பின்னால் இரண்டு மலைகளும் நிற்கின்றன. இரண்டும் அங்கே இல்லை. அந்த அம்மனைக் கும்பிடுகிறவர் இதைப் பார்த்தால் ‘இது எந்த ஊர்?’ என்றுதான் கேட்பார்.

வைகாசிப் பொங்கல் காலத்தில் நீர் பின்வாங்கி, ஓரச்சேறு வெடித்து, விளிம்பில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். அதை வெள்ளைப் பூச்சால் போடாதீர்கள், சுண்ணாம்பு தெளித்தது போலிருக்கும். வண்ணம் தொடுமுன் மெழுகுதிரித் துண்டால் அந்த இடத்தில் விட்டுவிட்டுத் தேயுங்கள். மேலே பூசும்போது மெழுகு வண்ணத்தைத் தள்ளிவிடும், கடதாசியின் வெள்ளையே உப்பாக நிற்கும்.

சோழகம் வீசும் நாட்களில் பூச்சு பாதியிலேயே காய்ந்து ஓரம் கோடு விழும். சதுர மீற்றருக்கு 300 கிராம் உள்ள தடித்த கடதாசியை இரு பக்கமும் நனைத்துப் பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள். வண்ணம் கரைக்கும் நீரில் நூறு மில்லிலீற்றருக்கு நான்கைந்து துளி கிளிசரின் போதும். கூடினால் படம் காயாமல் பிசுபிசுக்கும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் பெரிய பூச்சுகளை முடித்துவிடுவது இதைவிட நல்லது.

இன்னொன்று. 2009க்குப் பிறகு அந்த நீரை எல்லோரும் ஒரே மனதோடு பார்ப்பதில்லை. அக்கரைதான் முள்ளிவாய்க்கால். துக்கத்தைப் படத்தில் எழுதிக் காட்டச் சொல்லவில்லை. உல்லாசப் படகும் கைகோத்த சோடியும் வேண்டாம் என்கிறோம். ஆள் வேண்டுமென்றால் இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலையோடு நிற்கும் ஒருவரைப் போடுங்கள்.

*எங்கள் ஊர் நாகதம்பிரான் கோயில் புற்றைக் கீற ஆசை. கீறலாமா? புற்றில் தூவிய மஞ்சளைப் போட்டாலே நிறம் சேறாகிறது.*
வாசகர், கிளிநொச்சி

கீறலாமா என்பதைப் பூசாரியாரிடம் கேளுங்கள், எங்களிடம் அல்ல. சில இடங்களில் வெளிவீதியில் இருந்து கீறலாம், புற்றடிக்குப் போகக் கூடாது என்பார்கள். வேறு சில இடங்களில் படமே வேண்டாம் என்பார்கள். அப்படிச் சொன்னால் கமராவில் எடுத்து வந்து வீட்டில் கீறுவதும் அதே குற்றம்தான். புதூர், புளியம்பொக்கணை போன்ற இடங்களுக்குப் பொங்கல் நாளில் போகாமல் கூட்டமில்லாத ஒரு நாளில் போய்க் கேளுங்கள். வீட்டில் துடக்கு என்றால் கும்பிடப் போகமாட்டீர்கள் அல்லவா, கீறவும் போக வேண்டாம். மச்சம் சாப்பிட்ட நாளும் அப்படியே. புற்றின் அளவை ஈர்க்கோ தடியோ வைத்துப் பார்க்காதீர்கள். பிறஷின் காம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து அளந்தால் போதும்.

மஞ்சள் கலங்குவதற்குக் காரணம் நீங்கள் போடும் வரிசை. ஈரமான பர்ன்ட் சியன்னாவின் மேல் மஞ்சளை விட்டால் இரண்டும் கலந்து பழுப்பாகத்தான் போகும். மஞ்சள் தூவிய இடங்களை முதலில் போடுங்கள், அது முழுதாகக் காயட்டும். பிறகு மஞ்சளைச் சுற்றி மட்டும் மண்ணின் நிறம்: பர்ன்ட் சியன்னா இரண்டு, ஓக்கர் ஒன்று. பொந்துகளின் உட்புறத்துக்குக் கறுப்பு எடுக்காதீர்கள். அதே சியன்னாவில் அல்ட்ரமரின் கலந்தால் ஆழம் வரும். குங்குமம் கடைசியில், ஏறக்குறைய உலர்ந்த பிறஷால்.

*கோயிலில் தந்த மஞ்சள், குங்குமம், திருநீற்றையே வண்ணமாகப் பாவித்தால் படத்துக்கு இன்னும் பொருத்தம் அல்லவா?*
வாசகி, நெடுங்கேணி

இல்லை. மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது; வெயில் படும் சுவரில் தொங்கினால் விரைவிலேயே வெளிறிவிடும். சுண்ணாம்போடு சேர்ந்தால் சிவந்துபோகும், திருநீறும் சுண்ணாம்பைப் போலக் காரம் என்பதால் அதோடு சேர்ந்தாலும் நிறம் மாறும். பிழைத்த படம் குப்பைக்குப் போகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பிரசாதத்தை அங்கே அனுப்பலாமா?

ஊரின் நிறம் வேண்டுமென்றால் செம்மண் இருக்கிறது. புற்று மண்ணையும் கோயில் வீதி மண்ணையும் தொடாதீர்கள். கிணறு வெட்டிய குவியலில் ஒரு சிரட்டை கேட்டு வாங்குங்கள். காயவைத்து இடித்து, ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி, ஒரு நிமிடம் விடுங்கள். மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் ஊற்றி ஒரு நாள் வைத்தால் மெல்லிய சேறு படியும். தெளிந்த நீரை வடித்துச் சேற்றைக் காயவைத்தால் மாவு போல வரும். விளாம் பிசின் ஒரு பங்கை இரண்டு பங்கு சுடுநீரில் ஊறவைத்துத் துணியில் வடியுங்கள். மாவும் பிசின் நீரும் சம அளவாகக் கண்ணாடித் தட்டில் அரைத்து, சில துளி கிளிசரின் சேருங்கள். காய்ந்த பின் தொட்டால் நிறம் பொடியாக விரலில் வந்தால் பிசின் போதவில்லை. வெடித்து உதிர்ந்தால் பிசின் கூடிவிட்டது.

*களப்போரம் உள்ள எங்கள் கோயில் அன்னதான மடத்துச் சுவரில் பொங்கல் காட்சி கீறினோம். ஆறு மாதத்தில் அடிப்பகுதி கொப்பளித்து உரிகிறது.*
பரிபாலன சபை ஒன்று, முல்லைத்தீவு மாவட்டம்

சுவருக்குள் ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுவந்து பூச்சுக்குப் பின்னால் விடுகிறது. உப்பு பளிங்காகும்போது பூச்சைத் தள்ளும். மேலே இன்னொரு பூச்சு அடிப்பது வீண் செலவு. உரிந்ததைச் சுரண்டி, வெள்ளையாகப் பூத்த உப்பை உலர்ந்த பிறஷால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும். பிறகு இரண்டடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் ஓரம் சுற்றி ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் கீறும் காலம் இன்னும் வரவில்லை. புதுச் சீமெந்துப் பூச்சானால் 28 நாள் காத்திருந்து, காரம் தாங்கும் பிறைமர் அடித்து, அதன் மேல் வெளிச்சுவர் அக்கிறிலிக்.

அடியில் இரண்டடி உயரத்துக்குப் படமே வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளை மட்டும். சுவர் மூச்சுவிடும். பந்தியில் இருப்பவர்களின் முதுகும் காலும் படுகிற உயரமும் அதுதான். அங்கே அம்மனோ மடைப்பண்டமோ இருக்கக் கூடாது.

*பாலை மரத்தடியில் சூலம், மேலே தகரக் கொட்டில், பக்கத்தில் மின்கம்பம். தகரத்தை எடுத்துவிட்டு ஒரு சிறு கோபுரம் வைத்தால் படம் விலைபோகும் என்கிறார் கடைக்காரர்.*
வாசகர், ஒட்டுசுட்டான்

மின்கம்பத்தை எடுங்கள், யாருக்கும் கவலையில்லை. கொட்டிலைத் தொடாதீர்கள், ஊரார் கும்பிடுவது அதற்குள்தான். தகரத்தின் கறள் நிறம் பாலையின் கரும்பச்சைக்கு அருமையாகப் பொருந்தும். பாலையை ஆலமரம் போலப் பரத்தாமல் கீறுங்கள்: இலை தடிப்பு, நுனியில் சிறு வெட்டு, மேற்பக்கம் மினுக்கம், பட்டை ஆழமாக வெடித்த கருஞ்சாம்பல். காம்பவுண்ட் இல்லாத இடமானாலும் சூலத்துக்குப் பத்தடி முன்பே செருப்பைக் கழற்றிவிடுங்கள். மரத்தில் ஆணி அடித்துப் பலகை மாட்ட வேண்டாம். பிறஷ் கழுவிய நீரை வேரடியிலோ கேணியிலோ ஊற்றாதீர்கள். காட்மியமும் கோபால்ட்டும் அதில் இருக்கலாம். மூடியுள்ள போத்தலில் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கடைக்காரர் அந்தப் படத்தைக் கால்துடைப்பானிலும் பையிலும் அச்சடிக்கக் கேட்டால் எழுத்தில் மறுத்துவிடுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது.

*ஆவணித் திருவிழாவில் மடுக்காட்டைக் கீறலாமா?*
வாசகி, மன்னார்

காட்டைக் கீறலாம், மரங்களின் கீழ் கூடாரமடித்திருக்கும் சனத்தையும் தூரத்திலிருந்து கீறலாம். பூசை நேரத்திலும் மாதா சுருபம் வரும்போதும் பிறஷைக் கீழே வையுங்கள். நல்ல இடம் தேடிப் பற்றைக்குள் இறங்காதீர்கள். வன்னியில் எந்தக் காட்டிலானாலும் கண்ணிவெடி உண்டு என்று எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை கண்டால் வந்த தடத்திலேயே திரும்பி நடவுங்கள்.